ஒரே ஒரு பேட்ச்: டெல்டாவின் கணினி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் என்று காவிரி பாயும் ஊர்களில் கணினிப் பொறியியல் படிக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்புக்குக் கையெழுத்துப் போடும் ஆசிரியர்களும் படிக்க வேண்டும். கடைசிப் பகுதி அவர்களுக்கானது. நான் கம்பைலர் வேலையில் சோறு தின்பவன். உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கும் முன் மனக்குறையைக் கொட்டிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் செமஸ்டரில் ‘கம்பைலர் டிசைன்’ படிக்கிறீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அது சிஎஸ் 3501. அட்டையில் டிராகன் படம் போட்ட தடிப் புத்தகத்திலிருந்து லெக்சர், பார்சர், எல்ஆர் அட்டவணை எல்லாம் வருகின்றன. ஆய்வகத்தில் லெக்ஸும் யாக்கும் வைத்து ஒரு கால்குலேட்டர் செய்கிறீர்கள். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதும் அந்தப் பாடத்துக்கும் உங்களுக்கும் இருந்த உறவு முடிந்துவிடுகிறது. ஆனால் அதே ஆய்வகத்தில், முதலாண்டிலிருந்து, நாள்தோறும் ஜிசிசி என்ற கம்பைலரைப் பெயர் சொல்லி அழைத்து நிரல்களை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதன் மூல நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை உலகத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம். நான்காண்டுப் படிப்பில் ஒருவராவது உங்களிடம் ‘அதைத் திறந்து பார்’ என்று சொன்னாரா?

அடுத்த குறை இன்னும் கசப்பானது. எட்டாம் செமஸ்டர் வந்ததும் புராஜெக்ட் சென்டரைத் தேடிப் போகிறீர்கள். முகம் பார்த்து வருகைப் பதிவு, பயிர் நோய் கண்டறிதல், போலிச் செய்தி கண்டறிதல் என்று தலைப்புப் பட்டியல் அங்கே தயாராக இருக்கிறது. காசு கொடுத்தால் நிரலும் அறிக்கையும் பிபிடியும் சேர்ந்தே கிடைக்கின்றன. வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதிலும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்பா வயலை அடமானம் வைத்தோ அம்மா நகையை வைத்தோ கட்டிய கல்விக் கட்டணத்தின் கடைசிப் பலன், இன்னொருவர் எழுதிய நிரலின் மேல் உங்கள் பெயர். இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். செய்து பார்க்கத் தகுந்த வேலை ஒன்றை யாரும் உங்கள் கண்ணில் காட்டவில்லை. அதைக் காட்டத்தான் இந்த மடல்: நீங்கள் நாள்தோறும் ஓட்டும் கம்பைலருக்கே ஒரு திருத்தம் எழுதி அனுப்புவதுதான் அந்த வேலை.

ஜிசிசியை 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டார். எல்எல்விஎம் என்ற இன்னொரு திறமூலக் கம்பைலர் திட்டம், 2000-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் என்ற மாணவரும் அவருடைய வழிகாட்டியான விக்ரம் ஆத்வே என்ற இந்தியப் பேராசிரியரும் தொடங்கிய ஆய்வு. ஒரு மாணவரின் ஆய்வாகப் பிறந்ததுதான் இன்று ஐபோன் நிரல்களையும் ஆண்ட்ராய்டின் சி, சி++ நிரல்களையும் இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. உங்கள் சட்டைப்பையில் உள்ள போனில் ஓடும் நிரலில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றன் வழியாக வந்திருக்கிறது. இரண்டுமே பெரிய நிறுவன ஊழியர்கள், பேராசிரியர்கள், மாணவர்கள், வேலை முடிந்த இரவில் உட்காரும் ஆர்வலர்கள் எல்லாரும் அனுப்பிய சின்னச் சின்னத் திருத்தங்களால் வளர்ந்தவை. அந்தத் திருத்தத்துக்குத்தான் பேட்ச் என்று பெயர்.

‘அவை வளர்ந்தால் எனக்கென்ன?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மூன்று காரணம் சொல்கிறேன்.

முதல் காரணம் நம் மொழி. கூகுள் 2009-இல் வெளியிட்ட கோ மொழியில், ஒரு மாறிக்கு ‘நெல்’ என்று பெயர் வைத்துப் பாருங்கள். கம்பைலர் ஏற்காது. ‘வயல்’, ‘ஆறு’ என்று வைத்தாலும் ஏற்காது. ‘பல’ என்று வைத்தால் ஏற்றுக்கொள்ளும். காரணம் இதுதான்: மாறிப் பெயரில் யூனிகோடு ‘எழுத்து’ என்று வகைப்படுத்தியவையும் எண்களும் அடிக்கோடும் மட்டுமே வரலாம் என்பது கோவின் விதி. ‘நெ’யில் உள்ள கொம்பும் ‘ல்’லின் மேல் உள்ள புள்ளியும் யூனிகோடு கணக்கில் எழுத்துகள் அல்ல, சேர்ந்து வரும் குறிகள். இந்த விதி தேவநாகரி போன்ற எழுத்து முறைகளை வெளியே தள்ளுகிறது என்பதைக் கோ மொழியின் அதிகாரபூர்வக் கேள்வி-பதிலே ஒப்புக்கொள்கிறது. யாரும் வன்மத்தோடு செய்ததில்லை. எளிமைக்காக எழுதிய விதி, கொம்பும் புள்ளியும் போட்டு எழுதுகிறவர்களை வெளியே நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

ஜிசிசியில் 10-ஆம் பதிப்புக்கு முன், தமிழ் மாறிப் பெயரை நேரடியாக எழுத முடியவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் யூனிகோடு எண்ணைப் பதினாறடிமானத்தில் அடிக்க வேண்டியிருந்தது. ‘நெல்’ என்பதற்கு நான்கு எண்கள். யார் எழுதுவார்கள்? இந்தக் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் பிழைப் பட்டியலில் கிடந்தது. ஒருவர் உட்கார்ந்து பேட்ச் எழுதி, சோதித்து, அனுப்பி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி நின்றார். 2020-இல் வந்த ஜிசிசி 10-இல் கதவு திறந்தது. இன்று சி மொழியில் ‘நெல்’ என்று மாறிக்குப் பெயர் வைத்தால் ஓடும். தமிழில் நிரல் எழுத முத்து அண்ணாமலை ‘எழில்’ என்று தனி மொழியையே உருவாக்கி, 2009-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அந்த முயற்சி ஒரு வழி. உலகம் முழுக்கப் பயன்படும் கம்பைலருக்குள் தமிழுக்கு இடம் பிடிப்பது இன்னொரு வழி. அந்த இரண்டாவது வழியில் நம் ஆட்கள் மிகவும் குறைவு.

அங்கே இன்னும் வேலை இருக்கிறதா என்று பாருங்கள். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அமைக்கலாம்: க-வோடு ஒற்றைக் குறி ஒன்றைச் சேர்க்கலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டும் கம்பைலருக்கு வேறு வேறு. ஜிசிசி இதற்கு எச்சரிக்கை தர ஒரு விருப்பம் வைத்திருக்கிறது. தமிழுக்கு அது எல்லா இடத்திலும் சரியாக வேலை செய்கிறதா? பிழை காட்டும்போது வரிக்குக் கீழே வரும் அம்புக்குறி, தமிழ்ப் பெயருக்கு நேர் கீழே விழுகிறதா, நாலு எழுத்து தள்ளி விழுகிறதா? எல்எல்விஎம்மின் சி கம்பைலரான கிளாங்கிலும் அப்படித்தானா? சோதித்து, தவறு இருந்தால் அதை நிரூபிக்கும் பத்து வரிச் சோதனை நிரலைச் சேர்த்து அனுப்பினாலே அது ஒரு பங்களிப்பு. தமிழ் எழுதத் தெரிந்தவரால் மட்டுமே இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்ய முடியும். அந்தத் தகுதி உங்களுக்குப் பிறப்பிலேயே இருக்கிறது.

இரண்டாவது காரணம், நம் நாட்டில் சொந்தமாகச் செயலிகளை வடிவமைத்து சிப் செய்கிறார்கள். சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலி 2018-இல் சிலிக்கானாக வெளிவந்தது. அது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் அமைந்தது. ரிஸ்க்-ஃபைவுக்கான ஆதரவு 2017-இல் ஜிசிசி 7-லும், 2019-இல் எல்எல்விஎம் 9-லும் முறையாக இடம்பெற்றது. வேறு யாரோ அனுப்பிய பேட்ச்களின் மேல்தான் நம் செயலி நிரல் ஓட்டுகிறது. 2025 மார்ச்சில் இஸ்ரோவும் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகமும் இரண்டு 32-பிட் செயலிகளை வெளிக்கொண்டுவந்தன. ‘விக்ரம் 3201’ தனக்கென்று சொந்தக் கட்டளைத் தொகுப்பு கொண்டது. அதனால் ஏடா கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர் அனைத்தையும் இஸ்ரோ தானே எழுத வேண்டியிருந்தது. சி கம்பைலர் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. ‘கல்பனா 3201’ ஸ்பார்க் தரத்தில் அமைந்ததால் ஏற்கெனவே உள்ள திறமூலக் கருவிகளோடு பொருந்தியது. சிப் செய்வது பாதி வேலை, அதற்குக் கம்பைலர் செய்வது மறுபாதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அந்த மறுபாதிக்கு ஆள் எங்கிருந்து வரப்போகிறது? தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் 2024-இல் டைடல் நியோ என்ற ஐடி பூங்காவின் கட்டடம் திறந்தார்கள். கட்டடம் வந்துவிட்டது, உள்ளே என்ன தரத்தில் வேலை நடக்கும் என்பது நீங்கள் என்ன கற்றுக்கொண்டு வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது காரணம் உங்கள் சொந்த லாபம். ஒரு பேட்ச் ஏற்கப்பட்டால், உங்கள் பெயர் அந்தக் கம்பைலரின் வரலாற்றில் நிரந்தரமாகப் பதிவாகும். வேலைக்கு எடுப்பவர் அதைத் திறந்து படிக்கலாம். வாங்கிய புராஜெக்டுக்கு அந்த வசதி கிடையாது.

‘இதெல்லாம் ஐஐடி பிள்ளைகளுக்கு’ என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஐஐடிகளில் நடந்திருக்கிறது, உண்மைதான். மும்பை ஐஐடியில் உதய் கேட்கர் ஜிசிசிக்கென்றே ஒரு மையம் நடத்தி, நாடெங்கும் உள்ள ஆசிரியர்களுக்கு அதன் உள்ளமைப்பைக் கற்றுக்கொடுத்தார். சென்னை ஐஐடியில் படித்த உதய் பொந்துகுலா, வளையங்களை மாற்றியமைத்து வேகம் கூட்டும் ‘புளூட்டோ’வை எழுதி, பின்னர் எல்எல்விஎம்மின் பகுதியான எம்எல்ஐஆர் உருவாக்கத்தில் தொடக்கத்திலிருந்தே பங்கெடுத்தார். ஹைதராபாத் ஐஐடியின் ‘ஐஆர்2வெக்’ ஆய்வு அண்மையில் எல்எல்விஎம்முக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேட்சை ஆராய்பவர் கண்ணில் படுவது உங்கள் பெயர், மின்னஞ்சல் முகவரி, நிரல், சோதனை, விளக்கம் ஆகியவைதான். கல்லூரியின் பெயருக்கு அங்கே கட்டமே கிடையாது. வளாக நேர்காணலுக்கு எந்த நிறுவனம் வரும், வராது என்று நீங்கள் ஏங்கும் இந்தப் பகுதியில், உங்கள் கல்லூரியைக் கேட்காமல் உங்களை எடைபோடும் இடம் இது.

‘எங்கள் ஆய்வகக் கணினி தாங்காது’ என்பது அடுத்த சமாதானம். எட்டு ஜிபி நினைவகம் போதும், பொறுமை இருந்தால். ஜிசிசியை சி மொழிக்கு மட்டும், பூட்ஸ்ட்ராப் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) இல்லாமல் கட்டினால் நேரம் வெகுவாகக் குறையும். எல்எல்விஎம்மை ரிலீஸ் முறையில், எக்ஸ்86 இலக்குக்கு மட்டும் கட்டுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை லிங்க் வேலை நடக்கலாம் என்பதை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள், கணினி மூச்சுமுட்டாது. கரண்ட் போனால் மறுபடி கட்டும்போது பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதுவும் போதாவிட்டால் ‘கம்பைல் ஃபார்ம்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கட்டற்ற மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்குப் பல வகைச் செயலிகள் கொண்ட இயந்திரங்களில் இலவசமாகக் கணக்குத் தருகிறார்கள். என்ன வேலைக்கு என்று எழுதி விண்ணப்பித்தால் போதும். எதிலிருந்து படிப்பது என்று தெரியாதவர்களுக்கு, ஜிசிசியில் நீண்ட காலம் வேலை செய்யும் டேவிட் மால்கம் புதியவர்களுக்காகவே ஒரு கையேடு எழுதி வைத்திருக்கிறார். கோட்பாடு மறந்திருந்தால் பெங்களூரு ஐஐஎஸ்சியின் ஒய். என். ஸ்ரீகாந்த் எடுத்த வகுப்புகள் என்பிடெலில் இருக்கின்றன.

மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூல நிரலை இறக்கி, தங்கள் கணினியில் ஒரு மாற்றம் செய்து, அது ஓடியதும் மகிழ்ந்து மூடிவைக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஜிசிசி ஆண்டுக்கொரு பெரும் பதிப்பு வெளியிடுகிறது; எல்எல்விஎம் ஆறு மாதத்துக்கு ஒன்று. உள்ளிருக்கும் அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் தனி மாற்றம் அடுத்த பதிப்பில் பொருந்தாது, அதற்கடுத்ததில் அடையாளமே தெரியாது. தலைமடையில் அடைப்பெடுக்காமல் உங்கள் வயல் வாய்க்காலை மட்டும் வெட்டி வைத்தால் என்ன ஆகும் என்று கடைமடைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்று குடிமராமத்துக்கு ஊரே மண்வெட்டியோடு போனது, பொது வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் தன் வயலுக்கும் வரும் என்பதால். மூலத் திட்டத்துக்கே திருத்தத்தை அனுப்பச் சொல்வதும் அதனால்தான். அங்கே சேர்ந்துவிட்டால், அதன் பிறகு அதைப் பாதுகாப்பது எல்லாருடைய பொறுப்பு.

அனுப்புவதற்கு முறை உண்டு. எல்எல்விஎம் 2023 செப்டம்பரிலிருந்து கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்டாக வாங்குகிறது. புதியவர்களுக்கு ஏற்ற சிறு வேலைகளுக்கு அங்கே தனி அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஜிசிசிக்குப் பேட்சை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் முழு பூட்ஸ்ட்ராப் செய்தாக வேண்டும். பழைய கம்பைலர் புதியதைக் கட்டும். புதியது தன்னையே கட்டும். அப்படிப் பிறந்தது இன்னொரு முறை தன்னைக் கட்டும். கடைசி இரண்டு கட்டங்களின் விளைவும் ஒன்றாக இருந்தால்தான் தேர்ச்சி. பிறகு சோதனைத் தொகுப்பை உங்கள் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டி, புதிதாக ஒன்றும் உடையவில்லை என்று காட்ட வேண்டும். கால அட்டவணையும் உங்களுக்குச் சாதகம். புதிய மாற்றங்களை ஜிசிசி ஏற்கும் காலம் பொதுவாக நவம்பர் நடுப்பகுதி வரை. அதன்பின் பிழைதிருத்தம் மட்டும். ஏழாம் செமஸ்டரின் தொடக்கத்தில் வேலையில் இறங்கினால் சரியாக இருக்கும்.

பதில் சுருக்கமாக, சில சமயம் வறட்டுத்தனமாக வரும். ‘டெஸ்ட் எங்கே?’ என்று ஒரே வரி வரலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நிரலை வரி வரியாகப் படித்த ஒருவர் கேட்கும் கேள்வி அது. வைவாவில் பத்து நிமிடத்தில் பக்கம் புரட்டுபவர் அப்படிக் கேட்க மாட்டார். இரண்டு வாரம் பதிலே வராவிட்டால் பணிவாக நினைவூட்டுங்கள். அங்கே அது வழக்கம்தான்.

ஒரு எச்சரிக்கை. ஜிசிசிக்கு அனுப்பும் பேட்சின் அடியில், 2021-இலிருந்து, பதிப்புரிமையை எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று உங்கள் பெயரை இடலாம். இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் தரும் உறுதிமொழி அது. காசு கொடுத்து வாங்கியதன் அடியில் அந்த வரியை எழுத முடியாது. செயற்கை அறிவிடம் கேட்டுப் புரியாமல் ஒட்டியதற்கும் அது பொருந்தும். உங்களால் விளக்க முடியாத ஒரு வரியும் உங்கள் பேட்சில் இருக்கக் கூடாது. பேட்சைப் படிக்கும் மனிதரின் மாலை நேரத்தை வீணடிக்க உங்களுக்கு உரிமையில்லை.

ஆசிரியப் பெருமக்களே, இனி உங்களிடம். மூல நிரலில் பேட்ச் அனுப்புவதை இறுதியாண்டு புராஜெக்டாக ஏற்க நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ‘புதுமை எங்கே? வெப்சைட் எங்கே? ஸ்கிரீன்ஷாட் எங்கே?’ என்று வெளித்தேர்வாளர் கேட்பார். முப்பது வரி மாற்றத்துக்கு அறுபது பக்க அறிக்கை எப்படி வரும் என்று நீங்களும் கேட்பீர்கள். வரும். பிழையை மறுபடி நிகழ்த்திக் காட்டியது, அது எந்தப் படிநிலையில் பிறக்கிறது என்று தேடியது, தோற்ற முயற்சிகள், சோதனை முடிவுகள், ஆராய்ந்தவரோடு நடந்த உரையாடல் என்று எழுதினால் பக்கம் போதாது. பேட்ச் ஏற்கப்படாவிட்டாலும் மதிப்பெண் கொடுங்கள். ஏன் ஏற்கப்படவில்லை என்பதை ஒரு மாணவி தெளிவாக விளக்கினால், அவள் கம்பைலர் டிசைன் பாடத்தை உங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படித்தவள். நகல் என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. தேதியும் பெயருமாக எல்லாம் பொதுவில் பதிவாகியிருக்கும்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஒவ்வொரு துறையிலும் இந்த ஆண்டு ஒரு குழு, மூன்று அல்லது நான்கு பேர், ஒரு கம்பைலரைத் தேர்ந்தெடுங்கள். ஜூலையில் அதைக் கட்டி முடியுங்கள். ஆகஸ்டில் ஒரு சிறு பிழையைக் கையில் எடுங்கள். தமிழ் எழுத்து தொடர்பானதாக இருந்தால் இன்னும் நல்லது. நவம்பருக்குள் ஒரே ஒரு பேட்சை அனுப்புங்கள். ஆசிரியர்கள் அந்த ஒரு குழுவுக்காவது புராஜெக்ட் சென்டர் பட்டியலை ஒதுக்கிவைத்துக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் குழு ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பணச் செலவில்லை, நிரலைத் தொட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, நிரல் ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. தொடங்குங்கள்.

அன்புடன்,
டெல்டாவில் படித்த ஒரு கம்பைலர்காரன்